மீனாம்பிகையின் போனும் பரமலிங்கத்தின் வேலியும்

மீனாம்பிகைக்கு ஆண்டவன் கொடுத்த வரம், எந்த மனிதரையும் ஐந்தாறு கேள்வியில் சொந்தக்காரராக்கிவிடுவது. "தம்பி எவ்விடம்? அம்மா ஆற்றை மகள்? ஓ, அப்ப உங்கடை அம்மப்பா சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவரெல்லே?" என்று பிடித்துக்கொண்டு போவாள். மின்சார மீற்றர் பார்க்க அவளுடைய ஊரான அளவெட்டிக்கு வந்த பிள்ளைகூட, இரண்டாம் தரம் வரும்போது அவளுக்கு மருமகன் முறையாகியிருந்தான். அப்படிப்பட்டவளுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தச் சித்தப்பா மகன் பரமலிங்கத்தோடு மட்டும் பத்து வருடத்துக்கு மேலாகக் கதை பேச்சு இல்லை.

அதற்கும் காரணம் ஒரு போன்தான்.

பரமலிங்கத்தின் மகளுக்குக் கலியாணம் பொருந்தி, பொன்னுருக்குக்கு நாள் வைத்திருந்தார்கள். தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தச் சடங்குக்கு, இனசனத்தை வீடு வீடாகப் போய்த்தான் அழைக்கவேண்டும். பரமலிங்கம் எல்லா வீட்டுக்கும் போனான். பக்கத்து வீட்டு அக்காதானே என்று மீனாம்பிகையைக் கடைசிக்கு வைத்திருந்தான். கடைசி நாள் பந்தற்காரர் வரவில்லை; அவர்களைத் தேடித் திரிந்து களைத்தவன், கைப்போனை எடுத்து, "அக்கா, நாளைக்கு விடியவே வந்திடு" என்று சொல்லி முடித்துவிட்டான். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. குனிந்து புகுந்தால் அக்காவின் குசினி. அந்தப் பொட்டுக்குள்ளால் பத்து எட்டு எடுத்துவைக்க முடியாதவன் போனில் சொன்னானாம்.

"போனிலை சொல்லுறதும் ஒரு அழைப்போ? மூஞ்சை காட்டாமல் சொன்ன வீட்டுக்கு நான் மூஞ்சை காட்டமாட்டன்" என்று மீனாம்பிகை போகவில்லை. கூடப்பிறந்த அக்காவைப்போல நின்று விளக்கேற்றவேண்டியவள் வராத கோபத்தில், பரமலிங்கம் கலியாணக் களை ஆறுமுன்னே இரண்டு கதியால் தடி நட்டு, தென்னோலைக் கிடுகு வைத்துப் பொட்டை அடைத்தான். அடைத்தவன்தான் திறக்கவேண்டும் என்று அவள் இருந்தாள். வராதவள்தான் வரவேண்டும் என்று அவன் இருந்தான். கிடுகு உக்க உக்க, ஆண்டுதோறும் இருவரும் தங்கள் தங்கள் பக்கத்தை ஒழுங்காக வேய்ந்தார்கள். ஊரிலேயே இரட்டைக் கிடுகு போட்ட வேலி அது ஒன்றுதான்.

பிறகு கொரோனா வந்தது. பயணத்தடை போட்டார்கள், பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், படிப்பெல்லாம் சூமில் என்றார்கள். அந்தக் குறுகிய ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்குள், படம் தெரியும் பெரிய போன் மீனாம்பிகையிடம் மட்டும்தான் இருந்தது. கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பியது. கலியாணம் கட்டாமல் தனியாக இருந்தவளின் வீட்டுக்கு, ஒழுங்கைப் பிள்ளைகள் றோட்டில் இறங்காமல் வேலிப் பொட்டுகளுக்குள்ளால் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் வாயைக் கட்ட ஒரு துணி, கைகழுவ ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். மாட்டுக்கொட்டில் பக்கம்தான் சிக்னல் இழுக்கும் என்றபடியால் அங்கே பாய் விரித்து, எட்ட எட்ட இருத்தினாள்.

முதல் நாள் அவள் செய்த ஆரவாரத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். முக்காலியைக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து, போனை நிமிர்த்தி வைத்தாள். திரையில் வகுப்பு எடுக்கிற ஆரபி ரீச்சர் தெரிந்ததும் எழும்பி நின்று கும்பிட்டாள். ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் கொண்டுவந்து போனுக்கு முன்னால் வைத்தாள்.

"மாமி, ரீச்சர் உதைக் குடிக்கேலாது" என்றாள் வினோஜா. பிள்ளைகளுக்குள் அவள்தான் பெரிய வாய்.

"எனக்குத் தெரியாதோ? வீட்டுக்கு வந்த ஆளுக்கு வைக்கிற மரியாதை, வைச்சனான்."

மைக்கை நிற்பாட்டி வைக்கச் சொன்னபோதும் அவள் கேட்கவில்லை. "வீட்டுக்கு வந்த ரீச்சருக்கு முன்னாலை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ? ஆர் பழக்கின பழக்கம் உது?" அதனால் மற்ற வீடுகளெல்லாம் மௌனமாக இருக்க, மீனாம்பிகை வீட்டுக் கோழி கொக்கரிப்பதும், அவள் மீன்காரனைக் கூப்பிடுவதும் வகுப்பு முழுக்கக் கேட்கும். இரண்டாம் கிழமை, கழித்தல் கணக்கின் நடுவிலே, "ரீச்சர் வட்டுக்கோட்டை எண்டு சொன்னாங்கள். எவடம்? அம்மா ஆர்?" என்று தொடங்கி, பின்னங்கள் வருமுன்னே ஆரபி ரீச்சரைத் தன் தாய்வழியில் பெறாமகளாக்கி முடித்துவிட்டாள். ரீச்சரும் பாவம், "அன்ரி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டா.

இதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்தான் பரமலிங்கத்தின் வேலி. அங்கே அவனுடைய பேத்தி சாருஜா, ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிறவள். அவர்கள் வீட்டிலிருந்த ஒரே பெரிய போன், தகப்பனோடு கொழும்பில் அகப்பட்டுக்கொண்டது. பரமலிங்கத்திடம் இருந்தது, அந்தப் பொன்னுருக்குச் சொன்ன பழைய பொத்தான் போன். அதில் படிப்பு வராது.

ஒரு நாள் கிடுகுக்குப் பின்னால் பென்சில் சீவுகிற சத்தம் மீனாம்பிகைக்குக் கேட்டது. பிறகு, ரீச்சர் கேட்ட கேள்விக்கு மெல்லிய குரலில் யாரோ விடை முணுமுணுப்பது கேட்டது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பத்து வருடத்து ரோசத்தை ஒரு பென்சிலுக்காக விட்டுவிடுவாளா? கண்டது போலக் காட்டவில்லை. அடுத்த நாள் முக்காலியை வேலிப் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தாள். அதற்கடுத்த நாள் இன்னொரு சாண்.

"மாமி, ஏன் போனை அங்காலை அங்காலை கொண்டுபோறியள்?"

"இஞ்சாலை வெயில்."

"வெயில் அங்காலைதானே மாமி."

"நீ படத்தைப் பார், பிள்ளை."

சத்தத்தையும் கூட்டி வைத்தாள். கூட்டி என்ன? கணக்கைக் காதால் கேட்கலாம். படத்தைக் கேட்க முடியாதே. சோதனை கிட்டி வர, ரீச்சர் உருவக் கேள்விகளைத் தொடங்கினா. வேலிக்குப் பின்னால் விடை சொல்லுகிற குரல் நின்றுபோனது. பென்சில் சத்தமும் குறைந்தது. மீனாம்பிகைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை சோதனையில் கோட்டை விட்டால் அது யார் வேலியால்? அவன் அடைத்தது என்று ஊருக்குச் சொல்லலாம். தன் நெஞ்சுக்கு என்ன சொல்லுவது?

கூப்பிடுவோம் என்று நினைப்பாள். தொண்டை வரைக்கும் வரும். போன் அழைப்பு ஞாபகம் வந்து திரும்பப் போய்விடும்.

ஒரு புதன்கிழமை, ரீச்சர் பெரிய முக்கோணம் ஒன்றைக் கீறி, "இதுக்குள்ளை எத்தினை முக்கோணம் ஒளிச்சிருக்கு எண்டு பாருங்கோ" என்றா. பிள்ளைகள் விரலை மடக்கி எண்ணுகிற நேரம், கிடுகுக்குப் பின்னாலிருந்து அழுகைக் குரலில் ஒரு சத்தம்:

"ரீச்சர், எனக்குப் படம் தெரியேல்லை!"

மைக் திறந்தே கிடந்தது. வகுப்பு முழுக்கக் கேட்டது.

"ஆர் பிள்ளை அது? சாருஜாவின்ரை குரல்போலைக் கிடக்கு. இவ்வளவு நாளும் வகுப்புக்கு வரேல்லை எண்டெல்லோ நினைச்சன். அன்ரி, சாருஜா உங்கடை வீட்டிலையோ?"

மீனாம்பிகைக்கு வியர்த்துவிட்டது. வேலிக்குப் பின்னால் விட்டுப் படிப்பித்தேன் என்று ஒரு ரீச்சருக்கு, அதுவும் சொந்தக்கார ரீச்சருக்கு, எப்படிச் சொல்லுவது?

"ஓம் பிள்ளை, இஞ்சைதான். கால் கழுவப் போனவ. இப்ப வந்திடுவா."

சொல்லியாயிற்று; பொய்யை மெய்யாக்கவேண்டும். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போய், பழைய பொட்டு இருந்த இடத்தில் கிடுகைப் பிடித்து இழுத்தாள். உக்கின கிடுகு பொலபொலவென்று கொட்டியது. அதற்குள் மற்றக் கிடுகு நின்றது. அதையும் இழுத்தாள்.

"ஆரது என்ரை வேலியிலை கை வைக்கிறது?" வெங்காயத் தறைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பரமலிங்கம் கொடுவாக் கத்தியோடு ஓடி வந்தான்.

பத்து வருடத்துக்குப் பிறகு கிடுகு ஓட்டைக்குள்ளால் அக்காவும் தம்பியும் கண்ணுக்குக் கண் பார்த்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

"உன்ரை வேலியோ? இந்தப் பக்கம் கட்டினது நானெல்லோ!"

"நான் கட்டினதுக்கு மேலையெல்லோ கட்டினனீ!"

"போனிலை கூப்பிட்டவனுக்கு வேலி ஒரு கேடு!"

"வேலியை விடு. கூப்பிட்டனானோ இல்லையோ? காதிலை விழுந்ததோ இல்லையோ?"

"அன்ரி," என்றது முக்காலி, "எல்லாருக்கும் கேக்குது."

பரமலிங்கம் திடுக்கிட்டுப் போனைப் பார்த்தான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஊரிலுள்ள பாதிக் குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மாரும் வந்து குந்தியிருந்தார்கள். கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். சால்வையை எடுத்து வெறும் மேலைப் போர்த்தான்.

"வணக்கம் ரீச்சர். இந்த வேலி இத்துப்போச்சு. வெட்டுவம் எண்டுதான் கத்தியோடை வந்தனான்."

"நல்லது ஐயா. வெட்டுங்கோ. பிள்ளை படம் பாக்கோணும்."

ரீச்சர் சொன்ன சொல்லை மறுக்கலாமா? வெட்டினான். சாருஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து வந்து, வினோஜாவுக்கு எட்டத்தில் பாயில் இருந்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பதின்மூண்டு, ரீச்சர்." சரி என்றா ரீச்சர். பொட்டுக்குள் நின்ற பரமலிங்கம் தானே எண்ணிச் சொன்னவன்போலத் தலையை ஆட்டினான்.

அதோடு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்கிறவர்கள் அந்த வம்சத்தைத் தெரியாதவர்கள். கதை பேச்சு அன்றும் தொடங்கவில்லை. "ரீச்சர், பிள்ளைக்குப் பசிக்குமாம் எண்டு வேலிக்கு அங்காலை சொல்லுங்கோ" என்பாள் இவள். "பிட்டு வருகுது எண்டு இஞ்சாலை சொல்லுங்கோ ரீச்சர்" என்பான் அவன். வகுப்பு எடுக்க வந்த ஆரபி ரீச்சர் இரண்டு வீட்டுக்கும் தூது போனதுதான் மிச்சம்.

பள்ளிக்கூடம் திறக்கிறார்கள் என்று அறிவித்த அன்றைக்குப் பின்னேரம், மீனாம்பிகையின் வாசல் படலையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் பொட்டு திறந்து கிடக்க, பரமலிங்கம் ஒழுங்கையால் சுற்றி வந்திருந்தான். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சேட், வாய்க்கு மாஸ்க், கையில் வெற்றிலைத் தட்டம்.

"அக்கா, பிள்ளை நாளையிலை இருந்து பள்ளிக்கூடம் போகுது. விடிய மோதகம் அவிச்சுப் பிள்ளையாருக்குப் படைக்கிறம். நீ வந்துதான் விளக்கேத்தோணும். நேரிலை சொல்லோணும் எண்டு வந்தனான்."

மீனாம்பிகை வெற்றிலையை எடுத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். சுற்றி வந்த களைப்பில் அவனுக்கு மூச்சு இளைத்தது.

"உதுக்கேன் இவ்வளவு தூரம் வந்தனீ?" என்றாள். "ஒரு போன் அடிச்சுச் சொல்லியிருக்கலாமே!"