மேற்கு மேட்டிலிருந்து பேசியவர்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் கதை கட்டுகிற ஆளும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு நிர்வாகத்துக்கு வந்தவள். இதில் வரும் நேரங்கள் எல்லாம் அன்றன்றே டைரியில் குறித்தவை.

என் பெயர் நடீன் ட்ரோம்ப்ளி. நியூயார்க் மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், கோர்வின் மில்ஸ் என்கிற ஊருக்குப் பள்ளி சூப்பரின்டென்டென்டாக வந்தேன். கேட்கத்தான் பெரிய பதவி. இரண்டு பள்ளிக்கூடம், நானூறு பிள்ளைகள், ஒன்பது பஸ், அவ்வளவுதான். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. விவாகரத்து முடிந்து, வீட்டை விற்று, இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் வந்து சேர்ந்தேன். வேலை எவ்வளவு கொடுத்தாலும் செய்வேன். புது மனிதர்களைப் பார்த்துச் சிரி என்றால்தான் எனக்கு அலுப்பு.

ஆனால் புதிதாக வருகிறவளுக்கு முதல் வேலையே அதுதான், தன்னோடு பள்ளியை நடத்தும் தலைவர்களைத் தெரிந்துகொள்வது. எனக்கு மூன்று பேர். உயர்நிலைப் பள்ளி பிரின்சிபால் வெண்டெல், ஆறரை அடி உயரம், எதற்கும் அவசரப்படாதவர். ஆரம்பப் பள்ளி பிரின்சிபால் லொரெட்டா, அறுபத்தொரு வயது, வாயைத் திறந்தால் யாரையாவது ஒரு வெட்டு வெட்டாமல் மூடமாட்டார். பஸ்களுக்குப் பொறுப்பு டுஃப்ரேன், ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி. ஆகஸ்டில் ஒரு கூட்டம் போட்டு மஃபின் சாப்பிட்டோம். பள்ளி நிர்வாக போர்டு உறுப்பினர்கள், பழைய ஆட்கள் என்று முப்பது பேர் கை கொடுத்தார்கள். பாதிப் பேரின் முகம் அன்று சாயங்காலமே மறந்துபோயிற்று.

ஒருவரை ஒருவர் நிஜமாகத் தெரிந்துகொண்டது பனிக்காலம் வந்தபிறகுதான். எங்கள் பக்கம் பனி பெய்தால், விடிகாலை நாலரைக்குத் தலைவர்கள் ஆளுக்கொரு சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே எண்ணுக்குப் போன் போட்டுச் சேர்ந்து பேசுவோம். ஐந்து இருபதுக்குள் பள்ளி உண்டா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு முதல் பஸ் கிளம்பிவிடும். நான் தப்பாக 'உண்டு' என்று சொன்னால் ஒரு பஸ் பிள்ளைகள் பள்ளத்தில் கிடப்பார்கள். அந்தப் பயம் இல்லாமல் ஒரு பனி நாளும் நான் எழுந்ததில்லை.

முதல் பனி நவம்பர் 14. போனில் ஒவ்வொருவர் சேரும்போதும் விலகும்போதும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும்.

"ஏரி ரோடு பரவால்ல பாஸ். என் வண்டி ஒரு தடவ வழுக்குச்சு. அது கோடையிலயும் வழுக்கும்," என்றார் வெண்டெல்.

"டவுனுக்குள்ள ஐஸ் உருக உப்புத் தூவியாச்சு. உப்பு வண்டிக்காரன் தூங்கிக்கிட்டே தூவியிருக்கான், பாதி என் ரோஜாச் செடி மேல கெடக்கு," என்றார் லொரெட்டா.

"ஹைவே சுத்தமா இருக்கு," என்றார் டுஃப்ரேன்.

நான் ஆற்றுச் சாலையைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு இன்னொரு குரல் வந்தது.

"மேற்கு மேடு. நாலு அங்குலம். அடியில ஐஸ் இல்ல. பஸ் போகலாம்."

வயதான ஆண் குரல். ரொம்பக் களைத்த குரல். மேற்கு மேடு எங்கள் ஊரிலேயே உயரமான, செங்குத்தான சாலை. அங்கே மூன்று வீடுகள், ஆறு பிள்ளைகள். முந்தைய சூப்பரின்டென்டென்ட் விட்டுப்போன தாளில் அந்தச் சாலைக்கு மட்டும் பெயர் எழுதியிருக்கவில்லை. ஆகஸ்டில் கை கொடுத்த முப்பது பேரில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்ப நன்றி" என்றேன். பஸ் போயிற்று, பிள்ளைகள் பத்திரமாக வந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. டிசம்பரில் பெற்றோருக்கு ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது, நம் பள்ளியின் தலைவர்கள் யார் யார் என்று அறிமுகம் செய்து. மூவர் படமும் போட்டேன். நாலாவது ஆளுக்குப் பெயரே தெரியவில்லை. ஒரு மாதமாகப் பேசிவிட்டு 'நீங்க யாரு' என்று கேட்க வெட்கமாக இருந்தது. வெண்டெலிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"மேற்கு மேட்டுக்காரர் போட்டோ குடுப்பாரா?"

"அவரா? அது உங்க பாடு பாஸ்," என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை. படம் இல்லாமலே அந்தப் பக்கம் அச்சாகிவிட்டது. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்வது அதற்குத்தான்.

ஜனவரியில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தத் தொடங்கின. எங்கள் நாலு பேர் போனிலும் ஹீட்டர் இரைச்சல் கேட்கும், வைப்பர் தேய்க்கும். அவர் பக்கம் ஒன்றுமே கேட்காது. அந்த உயரத்தில் காற்றுச் சத்தம்கூடக் கேட்காது.

ஜனவரி 9. டிங் சத்தத்தை எண்ணினேன். என்னையும் சேர்த்து நாலு. பேசியவர்கள் ஐந்து பேர்.

ஜனவரி 22, மணி 5:04. "மேற்கு மேடு. ஏழு அங்குலம்" என்றார். அப்போது விழுந்திருந்தது ஐந்துதான். பனி நிற்கவே இல்லை. ஆறு மணிக்கு நின்றது. என் வாசலில் அளந்து பார்த்தேன். சரியாக ஏழு.

தூக்கக் கலக்கத்தில் நான்தான் எண்ணுவதைத் தப்பாக எண்ணுகிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 10 அன்று போர்டுத் தலைவர் வின்ஸ்லோ கூப்பிட்டார். பனிக்கென்று ஒதுக்கிய விடுமுறை எல்லாம் தீர்ந்திருந்தது. "இன்னும் ஒரு நாள் மூடுனா ஏப்ரல் லீவுல கை வைக்கணும். பெத்தவங்க என் கதவ உடைப்பாங்க. நான் வந்து உங்க கதவ உடைப்பேன்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று இரவு மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே உறைகிற மழை.

பிப்ரவரி 11. மணி 5:00. ஏரிச் சாலையில் மெதுவாகப் போகலாம் என்றார் வெண்டெல். டவுன் பரவாயில்லை என்றார் லொரெட்டா. ஹைவேயில் உப்பு வண்டி ஓடுகிறது என்றார் டுஃப்ரேன். மேற்கு மேடு ஒன்றுதான் பாக்கி. 'உண்டு' என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அவ்வளவு சோர்ந்திருந்தேன்.

"மேற்கு மேடு. ஐஸ் இல்ல. பஸ் போகலாம்."

எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் இன்னும் ஒன்று சொன்னார். அதுவரை சொல்லாதது.

"பசங்க வந்து நிக்கிறாங்க."

மணியைப் பார்த்தேன். 5:06. அந்தப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வந்து நிற்பது 6:25க்கு.

"இந்நேரத்துலயா?" என்றேன்.

"ஆறு பேரும். அனுப்புங்க."

"மன்னிக்கணும்... நீங்க யாருங்க?"

அதற்கு லொரெட்டாதான் பதில் சொன்னார்.

"ஏம்மா நடீன், அது உங்க அப்பா இல்லையா?"

"எங்கப்பா செத்து ஒன்பது வருஷமாச்சு."

"நீங்க கூட்டிட்டு வந்த ஆளுன்னுல்ல நாங்க..." வெண்டெலின் குரல் பாதியில் நின்றது.

"நான் உங்க ஆளுன்னு நெனச்சேன்," என்றேன்.

டுஃப்ரேன் மெதுவாகச் சொன்னார். "முன்னெல்லாம் நான்தான் பாஸ் மேட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். இந்த வருஷம் ஒருத்தர் சொல்றாரேன்னு... விட்டுட்டேன்."



மூன்று ஹீட்டர்கள் இரைந்தன. என்னுடையதும்.

அதற்கு நடுவே... மூச்சு.

"நேரமாகுது. அனுப்புங்க."

"போன வைங்க எல்லாரும்," என்றார் லொரெட்டா. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

டிங். டிங். டிங்.

மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி.

மூச்சு நிற்கவில்லை...

"அனுப்புங்க, நடீன்."

துண்டித்தேன். மணி 5:09.

பள்ளியை மூடினேன். வின்ஸ்லோ வந்து கதவை உடைத்தால் உடைக்கட்டும் என்று தோன்றியது. 7:40க்கு டுஃப்ரேன் கூப்பிட்டார். மேட்டுக்குக் கீழேயே நின்று பேசினார், மேலே போகக் கரண்ட் ஆட்கள் விடவில்லையாம். பிள்ளைகள் பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் ஒரு மின்கம்பம் சாய்ந்து, கம்பி அறுந்து தரையில் கிடந்திருக்கிறது. கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் பிள்ளைகள் நேராக அதன் மேல் வந்து நின்றிருப்பார்கள்.

அன்றே அந்தப் போன் எண்ணை ரத்து செய்தேன். கம்பெனிக்காரர்கள் பட்டியல் அனுப்பினார்கள். நவம்பரிலிருந்து எல்லா நாளும் நாலே நாலு பேர்தான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தோம். இனிமேல் மூன்று பேரையும் நானே தனித்தனியாகக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். மேற்கு மேட்டைப் பழையபடி டுஃப்ரேன் போய்ப் பார்ப்பார்.

பிப்ரவரி 26. மறுபடி பனி. 4:58க்கு லொரெட்டா. 5:03க்கு வெண்டெல். 5:06க்கு டுஃப்ரேன் லைன் பிஸி. 5:08க்கும் பிஸி.

5:11க்கு எடுத்தார்.

"என்னய்யா டுஃப்ரேன், விடியறதுக்குள்ள யாரோட அரட்டை? நான் இங்க போனத் தேய்ச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்!"



"பாஸ்... இது நீங்களா?"

"பின்ன யாரு?"

"அப்ப இவ்வளவு நேரம் என்கிட்ட பேசினது...?"



"யாரு பேசினா?"

"நீங்கதான். உங்க குரல்தான். மேட்ட நீங்களே போய்ப் பாத்துட்டீங்களாம். நான் வர வேணாம், பஸ்ஸ அனுப்புன்னீங்க."

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"என் இடுப்பு வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சீங்க பாஸ். காபி குடிச்சியான்னு கேட்டீங்க. நீங்க... அப்படியெல்லாம் கேக்கறவங்க இல்லையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காருக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இத்தனை மாதமாக இந்த மூன்று பேரையும் நான் தெரிந்துகொள்ளப் பாடுபட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர்கள்தான் என்னைத் தெரிந்துவைத்திருந்தார்கள். டுஃப்ரேன் மேட்டுக்குப் போய்ப் பார்த்தார். சாலை முழுக்கக் கண்ணாடி ஐஸ். அன்றும் பள்ளியை மூடினேன்.

அதற்குப் பிறகு போனில் முடிவெடுப்பதே இல்லை. பனி பெய்தால் நாலு பேரும் பஸ் ஷெட்டில் வந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பேசினோம். ஏப்ரல் வரை வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜூனில் டுஃப்ரேனுக்கு வழியனுப்பு விழா. பள்ளி ஜிம்மில் கேக் வெட்டினோம். அவர் இடத்துக்கு வரும் மாவிஸ் என்கிற பெண்ணும் வந்திருந்தார். வெளியூர்க்காரர். அன்றுதான் எனக்கு முதல் தடவையாகக் கை கொடுத்தார். அவர் லொரெட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது டுஃப்ரேன் கேக் தட்டோடு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒண்ண மறைச்சுட்டேன் பாஸ். நீங்க பயப்படுவீங்கன்னு."

"சொல்லு."

"அனுப்புன்னதும் நான் பதில் சொல்லல. சும்மாவே இருந்தேன். கொஞ்ச நேரம் அதுவும் சும்மா இருந்துச்சு. அப்புறம் திட்ட ஆரம்பிச்சுது. 'என்னய்யா டுஃப்ரேன்'னு. அப்படியே நீங்க திட்டற மாதிரி, அதே இழுவை, அதே கோவம். ஒரு வார்த்த பிசகல."

அவர் கேக்கைத் தொடவே இல்லை. தூரத்தில் நிற்கும் மாவிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்லயே திட்டியிருந்தா, பஸ்ஸ அனுப்பியிருப்பேன் பாஸ்."