பன்னிரண்டு வரை எண்ணிய அலர்மதி

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தறி ஓட்டும் குருசாமி இலக்கியத்துக்கு ஆற்றியிருக்கும் தொண்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. எண்ணூறு பக்கப் பழைய நாவல் ஒன்றைப் பதினேழு தடவை படித்து, எதிர்த்தறி மாரிசெல்வத்துக்கு ஆறு தடவை சொல்லி முடித்திருந்தார். அதுவும் வாயசைவிலேயே. இருபது தறி ஒன்றாக அடிக்கும் கூடத்தில் காதுக்கு வேலை கிடையாது. உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொள்வார்கள்.

நாவலின் உயிர் ஒரே ஒரு பேச்சில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்பிவரும் கணவனிடம், ஆற்றுப் படித்துறையில் நின்று கதாநாயகி அலர்மதி சொல்வாள்: “வந்துவிட்டீர்கள். காத்திருந்தவள்தான் போய்விட்டாள்.” அந்த இடம் வந்தால் மாரிசெல்வம் தறியில் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்கமாட்டான்.

அந்த நாவல் படமாக வந்தது. முதல் நாளே இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். குருசாமி பெருந்தன்மையான நீதிபதி. நாவலின் ஆறு படத்தில் கடலாகியிருந்தது, மன்னித்தார். அலர்மதியின் அப்பாவைக் காணவே காணோம், மன்னித்தார். ஒட்டகத்தின் மேல் ஒரு சண்டை நடந்தது. ஒட்டகத்தையும் சேர்த்து மன்னித்தார்.

“படித்துறைப் பேச்சு மட்டும் சரியா வந்துட்டா போதும்லே. மத்ததெல்லாம் விட்டுருதேன்.”

வந்தது. ஓர் எழுத்துக் குறையாமல் வந்தது. தியேட்டரே விம்மியது. குருசாமி மட்டும் பழக்கதோஷத்தில் காதை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்துத் தொலைத்தார். அலர்மதியாக நடித்த, தமிழ் தெரியாத நடிகை ‘ஒன், டூ, த்ரீ’ என்று, காத்திருந்த வருஷத்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு வரை எண்ணி முடித்தாள். குரல் வேறு யாருடையதோ.

வெளியே வந்ததும் மாரிசெல்வத்தின் சட்டையைப் பிடித்தார்.

“ஏலே, அவ வாயைப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணாச்சி. நம்பர்லா சொல்லுதா.”

“பொறவு நீ ஏம்லே கண்ணைத் தொடைக்க?”

“செவன் சொல்லும்போது உதடு நடுங்குச்சு, பாத்தியளா? நீங்க ஆறு தடவ சொல்லியும் எனக்கு இப்படி அழுக வந்ததில்ல அண்ணாச்சி.”

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குருசாமி வழக்கை மனசுக்குள் விசாரித்துக்கொண்டே நடந்தார். படக்காரன் செய்த துரோகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சொந்த எதிர்த்தறிக்காரனுக்கு என்ன தீர்ப்புச் சொல்வது?

மறுநாள் தறிகள் ஓடத் தொடங்கின. “அந்தப் படித்துறையை இன்னொரு தடவ சொல்லுங்க” என்று எதிரே உதடு கெஞ்சியது. குருசாமி நிமிர்ந்தார். பழிவாங்கும் நோக்கத்தோடு ‘ஒன், டூ’ என்று வாயசைக்க ஆரம்பித்தார்.

செவனில் அவருடைய உதடு, அவரைக் கேட்காமலே, நடுங்கியது. மாரிசெல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் தறியில் நூல் அறுந்து வெகுநேரமாகியிருந்தது.