ஆறிப்போன வாழைக்காய்

மகள் ஆசையாக அழைத்துப்போன கரீபியன் தீவில், கடலோர உணவகத்தில் காலைச் சாப்பாடு. மீனும் வறுத்த வாழைக்காயும் வந்த நேரம், பாபநாசத்திலிருந்து தம்பி வீடியோ அனுப்பினான். அறுவடைக்கு நின்ற சம்பா முழுக்கச் சாய்ந்து மழைத்தண்ணீரில் கிடந்தது. உடனே கூப்பிட்டேன்.

“வாய்க்காலே நெறஞ்சு வழியுதுண்ணே, வயத்தண்ணி எங்க வடியும்? நீங்க சாப்பிடுங்க.”

ஊரை விட்டு வந்திருக்கவே கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன். தட்டில் கை வைக்க முடியவில்லை. சமையல் பிடிக்கவில்லையோ என்று பரிமாறிய பெண் பதறி வந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, வீடியோவைக் காட்டினேன்.

பார்த்தவள் தன் போனை எடுத்து ஒரு படத்தை நீட்டினாள். புயலில் மொத்தமாக விழுந்த வாழைத்தோப்பு. நடுவில் அவள் சாயலில் ஒரு பெரியவர், இடுப்பில் கைவைத்து, சும்மா நின்றிருந்தார்.

ஊரில் இருந்திருந்தாலும் வரப்பில் நான் அப்படித்தான் நின்றிருப்பேன்.