சரிவின் கீழே என் தங்கை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு பெப்ரவரி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் லண்டனில் மனோர் பார்க்கில் இருந்தோம். சம்பவம் நடந்த இடம் பிரான்ஸ் பக்கத்து அல்ப்ஸ் மலை என்றாலும், அதற்கான பிள்ளையார் சுழி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் போடப்பட்டது.

கிழக்கு லண்டனில் பழைய எரிவாயு ஆலையின் கழிவு குவிந்து மலைபோல் நின்ற ஒரு மேட்டில், பனிச்சறுக்குப் பழகும் சரிவு ஒன்று இருந்தது. பெயர்தான் பனிச்சறுக்கு. அங்கே பனி கிடையாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் முட்கள்போல நைலோன் முட்கள் உள்ள பாயை மேலிருந்து கீழ்வரை விரித்து, தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். விழுந்தால் தோல் உரியும். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு நாள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு கணக்குக் கந்தோரில் மேசைக்கு முன்னால் நாள் முழுக்க இருந்த இருப்பில் வேலை செய்பவள். முதல் தடவை அந்தச் சரிவில் வழுக்கி இறங்கியபோது வந்த சந்தோஷம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வருடம் விடாமல் போய் ஸ்கீ பழகினேன்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் தங்கையும் பின்னால் வந்தாள். ஆனால் அவளுக்கு ஸ்கீ வேண்டாம். அந்த நேரம் இளம் ஆட்களிடையே புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ஸ்னோபோர்ட்தான் வேண்டும் என்று நின்றாள். ஸ்கீ என்றால் காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டைகள், கைக்கு இரண்டு தடிகள். ஸ்னோபோர்ட் என்றால் ஒரே ஒரு அகலப் பலகை. இரண்டு காலையும் அதில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கவேண்டும். கையில் ஒன்றும் இல்லை. இதில் எது திறம் என்று எங்கள் வீட்டுக் குசினியில் சமையலுக்கு நடுவே ஓயாத வாக்குவாதம். அம்மாவைக் கேட்டால், இரண்டும் காலை முறிக்கிற வேலைதான் என்பார்.

அந்தக் குளிர்காலம் எங்கள் கந்தோர் ஆட்கள் ஒரு கோச் பஸ் பிடித்து அல்ப்ஸுக்கு ஒரு கிழமை விடுமுறையில் போனார்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு நானும் புறப்பட்டேன். நான் கூடப் போகிறேன் என்பதால்தான் அம்மா அவளை விட்டார். விக்டோரியாவில் கோச் ஏறும்போது அம்மா பொரித்துத் தந்துவிட்ட றோல்ஸ், கடல் கடந்து கலே துறைமுகம் வருமுன்பே தீர்ந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் மலையில் புதுப் பனி இல்லை. இருந்த பனியும் இறுகி, சில இடங்களில் கண்ணாடிபோல் கிடந்தது. செங்குத்தான இறக்கங்களில் என் பாடு பரவாயில்லை. ஸ்கீ இரண்டு என்பதால் பனியைப் பிடிக்க இரண்டு விளிம்புகள். ஒன்று வழுக்கினால் மற்றது பிடிக்கும், தடியை ஊன்றிச் சட்டென்று திரும்பலாம். தங்கைக்கு ஒரே விளிம்புதான். அது விட்டால் ஆள் போய்விடும். அவள் குதிக்காலை அழுத்தி, பலகையைக் குறுக்கே பிடித்து, சுரண்டிச் சுரண்டி இறங்கி வருவாள். கீழே நின்று நான் சிரிப்பேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாள்.

அதன் பிறகு இரண்டு நாள் இடைவிடாமல் பனி கொட்டியது. அடுத்த நாள் காலையில் வானம் வெளித்தது. மலை முழுக்கக் கோதுமை மாவைக் கொட்டியதுபோல் இருந்தது. பவுடர் என்று சொல்வார்களே, அந்தப் பனி. கால் வைத்தால் தொடைவரை போகும்.

கம்பியில் தொங்கிப்போகும் கதிரை லிஃப்டில் உச்சிக்குப் போனோம். அங்கிருந்து கம்பு நட்டு அடையாளமிட்ட பாதை வலது பக்கம் இறங்கியது. இடது பக்கம், பெரிய சட்டிபோல் குழிந்த ஒரு சரிவு. எங்களுக்கு முன்னமே நாலைந்து பேர் அதில் இறங்கிய தடங்கள் தெரிந்தன. தடுத்துக் கயிறு ஒன்றும் கட்டியிருக்கவில்லை. தூரத்தில் மரங்கள், அதற்கப்பால் நாங்கள் தங்கியிருந்த ஊர். அதில் இறங்குவோமா என்று தங்கை கேட்டாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அங்கே எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. தங்கை பின்காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். அந்த அகலப் பலகை பனிக்குமேல் வள்ளம்போல் மிதந்து போனது. நானோ திணறினேன். அந்தக் காலத்து ஸ்கீ ஒடுக்கமானது. புதுப் பனிக்குள் முனை தாழும். ஒன்று ஒரு பக்கம் போக, மற்றது இன்னொரு பக்கம் போகும். என் கால்கள் இரண்டும் வேறு வேறு ஆளுடையவைபோல் இருந்தன. சரிவு செங்குத்தாகும் இடத்தில் குப்புற விழுந்தேன். எழும்பிப் பார்த்தால் ஒரு காலில் ஸ்கீ இல்லை. பனிக்குள் புதைந்துவிட்டது.

தங்கை கீழே போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே இரண்டு மேடுகளுக்கு நடுவே வாய்க்கால்போல் ஒரு பள்ளம். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் வரும்வரை நிற்கிறாள் என்று விளங்கியது. நான் தடியால் குத்திக் குத்தி ஸ்கீயைத் தேடினேன். கன நேரம் எடுத்தது. கடைசியில் தடி அதில் முட்டியது. அதைக் கிண்டி எடுத்து மாட்டி நிமிர்ந்தபோது முகில் இறங்கிவிட்டது. தங்கையும் இல்லை, மரமும் இல்லை, ஊரும் இல்லை. எங்கும் ஒரே வெள்ளை. மேல் எது, கீழ் எது என்றுகூடச் சொல்லமுடியவில்லை.

மெதுவாக ஓரடி நகர்ந்திருப்பேன். காலுக்கடியில் 'தும்' என்று ஒரு சத்தம். பெரிய கதவொன்றை எங்கோ நிலத்துக்கடியில் சாத்தியதுபோல. நான் நின்ற பனி அப்படியே கொஞ்சம் கீழே அமர்ந்தது. ஸ்கீக்கு முன்னால், சரிவின் குறுக்கே, கை நுழையுமளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. இரண்டு பக்கமும் அது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

மலைக்கு வந்த முதல் நாள் எங்களுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு எடுத்தவர் சொல்லியிருந்தார். புதுப் பனி அப்படிச் சத்தம் போட்டால் முழுச் சரிவுமே கழன்று வரப்போகிறது என்று அர்த்தம், சரிவின் கீழே பள்ளத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது, வருவதெல்லாம் அங்கேதான் போய் நிரம்பும் என்று. அன்றைக்கு அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் சூடாகச் சொக்லட் குடிக்கப் போனோம்.

இப்போது வெடிப்புக்குக் கீழே கிடந்த அத்தனை பனிக்கும் நேர் கீழே, அந்தப் பள்ளத்துக்குள், என் தங்கை.

அதுவரைக்கும் நான் பயந்தது எனக்காக. அந்த நொடியில் என் நினைப்பே எனக்கு இல்லாமல் போனது. நான் அசைந்தால் அது அவள்மேல் விழும். கத்தினால்கூட பனி சரியும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அது உண்மை இல்லை என்று பிறகுதான் அறிந்தேன். அப்போது நம்பினேன். கத்தவும் பயம், கத்தாமல் இருக்கவும் பயம். கடைசியில் வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி, அதிலை நிக்காதை. மற்றப் பக்கம் மரங்களுக்குள்ளை ஏறு."

முகிலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "போர்ட் ஓடுதில்லை அக்கா. இது சமதரை. நீ வந்து இழு."

அது சரிதான். சரிவு இருக்கும்வரை அந்தப் பலகை ராசா. சமதரைக்கு வந்துவிட்டால் தள்ளிப்போக அவளிடம் தடி இல்லை. காலும் கட்டப்பட்டிருக்கிறது. வழமையாக அந்த மாதிரி இடங்களில் நான் தடியின் ஒரு முனையை நீட்டுவேன், அவள் பிடித்துக்கொள்வாள், நான் இழுத்துக்கொண்டு போவேன். அதைத்தான் கேட்கிறாள்.

வரமுடியாது என்றேன். பனி வெடித்துவிட்டது, நான் அசைந்தால் உன்மேல் வரும் என்றேன். பலகையைக் கழற்று, உடனே போ என்றேன்.

பட்டி கழலும் சத்தம் கேட்டது. பிறகு, "கழட்டிட்டன். இடுப்பளவுக்குத் தாழுது அக்கா. ஏலாமக் கிடக்கு."

பலகையை முன்னுக்குப் போட்டு அதன்மேல் தவழு, பிறகு அதை எடுத்து இன்னும் முன்னால் போடு என்று சொன்னேன். எப்படி எனக்கு அது தோன்றியது என்று இன்றைக்கும் தெரியாது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சில நேரம் அழுவதுபோலவும் கேட்டது. "இன்னும் கொஞ்சம்" என்று இடைக்கிடை சொன்னாள். எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா தெரியாது.

நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முழங்கால் தன்பாட்டில் நடுங்கியது. அந்த நடுக்கம் ஸ்கீக்குப் போய், ஸ்கீயிலிருந்து பனிக்குப் போய்விடுமோ என்று தொடையைக் கையால் அழுத்திப் பிடித்தேன். மூச்சையே பயந்து பயந்து விட்டேன். வெடிப்பின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னப் பனிக்கட்டிகள் உருண்டு போயின. ஒவ்வொன்றும் உருளும்போது இதுதான், இதுதான் என்று நினைத்தேன். முருகா என்று கும்பிடக்கூட வரவில்லை. அவள் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் அசையவில்லை. அது சத்தியம். ஆனாலும் அது போனது.

வெடிப்புக்குக் கீழே இருந்த பனி முழுவதும் ஒரே பாளமாகக் கழன்று, முதலில் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பிறகு லொறி லொறியாகக் கல்லுக் கொட்டுவதுபோல் ஒரு இரைச்சல். நான் நின்ற விளிம்பு மட்டும் மிஞ்சியது. கீழிருந்து பனித்தூள் கிளம்பி முகத்தில் அடித்தது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

தங்கையைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வீட்டில் அவளை நாங்கள் கூப்பிடும் செல்லப் பெயரால் கூப்பிட்டேன். அதற்கும் இல்லை. அப்படியொரு அமைதியை நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

பனி கழன்று போன இடத்தில் அடித்தளம் இறுகிக் கிடந்தது. எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியாது. பாதி வழுக்கி, பாதி விழுந்து பள்ளத்துக்கு வந்தேன். பள்ளம் என்று ஒன்று இல்லை. கட்டி கட்டியாகப் பனி நிரம்பி, ஓர் ஆள் உயரத்துக்கு மூடிப்போயிருந்தது. அந்தக் கட்டிகளுக்கு நடுவே, அவளுடைய பலகையின் மஞ்சள் முனை ஒரு சாண் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிண்டத் தொடங்கினேன். சற்று முன் மாவுபோல் இருந்த பனி சீமெந்துபோல் இறுகியிருந்தது. தடியால் குத்தினேன், கையால் பிறாண்டினேன். கையுறை எங்கே போனதோ. விரல் வெடித்து இரத்தம் பனியில் படுவதைப் பார்த்தேன், நோவு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கிண்டினேன். பலகையில் கால் கட்டும் பட்டி தெரிந்தது. அவள் அதைக் கழற்றிவிட்டதை மறந்து அதற்குள் கையை விட்டேன். கால் இல்லை. வெறும் பட்டி.

அப்போதுதான் எனக்கு மேலே, மற்றப் பக்கத்து மேட்டிலிருந்து, கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"அக்கா, அங்கை கிண்டாதை. நான் இஞ்சை."

நிமிர்ந்து பார்த்தேன். மரமொன்றைக் கட்டிப்பிடித்தபடி அவள். தலை முதல் கால்வரை வெள்ளை. இரைச்சல் கேட்டதும் பலகையை விட்டுவிட்டுக் கிடைத்த மரக்கொப்பைப் பிடித்து ஏறியிருக்கிறாள். பனித்தூள் அடித்து வாயும் மூக்கும் அடைத்துப்போனதால் நான் கூப்பிட்டது கேட்டும் அவளால் குரல் எடுக்க முடியவில்லை. நான் மேட்டில் ஏறி அவளைப் பிடித்தேன். முகத்தில் அப்பியிருந்த பனியைத் துடைத்துவிட்டேன். அவள் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

மெல்ல மெல்ல மரங்களுக்குள்ளால் இறங்கினோம். நான் முன்னால் பனியை மிதித்துத் தடம் போட, அவள் என் ஜக்கெட்டைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். இருட்டுவதற்கு முன் ஊர் வந்துவிட்டது. மிஞ்சிய நாட்கள் மலைப் பக்கம் நாங்கள் போகவில்லை. ஹோட்டல் அறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இருந்தோம்.

லண்டனுக்கு வந்ததும் அம்மா என் விரல்களைப் பார்த்து என்ன என்று கேட்டார். விழுந்துவிட்டேன் என்றேன். அவளுக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கிறது என்று கேட்டார். குளிர் என்றாள். பனி பார்க்க வடிவாக இருந்ததோ என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி "ஓம்" என்றோம். அந்த வெள்ளிக்கிழமை சேர்ச் றோட் முருகன் கோவிலில் பூசை நடந்தபோது, எனக்குப் பக்கத்தில் நின்ற தங்கை என் கையைப் பிடித்தாள். விரல் நொந்தது. விடு என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போது அவள் ஹரோவில் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். சின்ன விஷயங்களுக்கெல்லாம் நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம், நாள்கணக்கில் பேசாமலும் இருப்போம். பிறகு நான்தான் போன் எடுப்பேன். மறுபக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்க, அவள் எடுக்கச் சற்றுத் தாமதமானால் போதும், என் கைகள் அந்தப் பனியைக் கிண்டத் தொடங்கிவிடும். அவள் குரல் கேட்டதும் எதற்காகக் கோபித்தேன் என்பதே மறந்துபோகிறது. ஒருவர் கூப்பிட இன்னொருவர் பதில் சொல்வதைவிடப் பெரிதாக இந்த வாழ்க்கையில் வேறு என்ன கேட்டுவிட முடியும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.