கைக்கு அளந்த வில்

ஜேர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. பிரான்சில் வேட்டையாடலாம் என்று, மலிவாக ஒரு காம்பவுண்ட் வில், இரு முனையிலும் சக்கரம் வைத்தது, தேடினேன். அதை ஆளின் கை நீளத்துக்கு ஏற்றபடி பொருத்தியிருப்பார்கள். பாவித்தவையாக அகப்பட்டதெல்லாம் நெட்டையர்களுடையவை. எனக்கோ குட்டைக் கை.

கடைசியில் காட்டோரம் தனியே வாழும் ஒரு ஜேர்மன் விதவையிடம் ஒன்று இருந்தது. இறந்த கணவருடையது.

"மான் உங்களைக் கண்டாச் சிரிச்சே செத்துப்போகும். அம்பு என்னத்துக்கு?" என்றாள் கூடவந்த மனைவி.

நாணை இழுத்தேன். எனக்கென்றே அளந்ததுபோல் வந்தது. முழுதாக இழுத்ததும் பாரம் சட்டெனக் குறைந்தது, பின்னால் நின்று யாரோ தாங்கியதுபோல. அது வில்லின் சக்கரங்கள் செய்கிற வேலை என்று படித்திருந்தேன். ஆனால் அந்த அம்மா மெதுவாக, "மூச்சை விடு, அன்பே" என்றார். எனக்கா என்று வெட்கத்தோடு பார்த்தேன். அவர் பார்த்தது என் தோளுக்குப் பின்னால்.

இந்தக் கைக்கு வேறு வில் கிடைக்காது, வாங்கிவிட்டேன்.

பின் இருக்கையில் அதை வைத்துப் புறப்பட்டதும், பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது. வில்லுக்கு அவ்வளவு பாரம் கிடையாது.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டி அவருக்கும் போட்டுவிடுங்கோ" என்றாள் மனைவி.

போட்டேன். சத்தம் நின்றது.