அப்பா குடிப்பதை விட்ட கதை

என் அப்பா குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் இதை நம்புவதற்கு இப்போது ஆளே கிடையாது. அவர் கெட்டுப்போனதும் என்னால்தான், திருந்தியதும் என்னால்தான். இரண்டும் மேடையில் நடந்தது.

அப்பா புரோட்டா மாஸ்டர். குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு கடையில் பதினைந்து வருடமாகக் கல் முன்னால் நிற்கிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறாள். நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். கல்லூரிக் கட்டணத்தை ஒரு அறக்கட்டளை கட்டுகிறது. அதற்கு நான் நன்றியுள்ளவளாக இருக்க வேண்டும். இருக்கிறேன். நன்றி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாத அளவுக்கு, வருடத்துக்கு நான்கு கடிதம் எழுதி, ஒவ்வொன்றிலும் 'தங்கள் கருணையால்' என்று ஆரம்பித்து, கை ஓய்ந்து போயிருக்கிறேன்.

அந்த அறக்கட்டளையில் ஒரு வழக்கம் உண்டு. பணம் கொடுக்கிற பெரியவர்கள் எல்லாம் சாரல் சீசனில் குடும்பத்தோடு குளிக்க வருவார்கள். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஒரு கல்யாண மண்டபத்தில் வந்து உட்காருவார்கள். உதவி வாங்குகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் மேடையேறி 'என் கதை' என்று பத்து நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும். யாருடைய கதைக்கு அதிகம் கண் கலங்குகிறதோ அவர்களுக்கு அடுத்த வருடமும் உதவி தொடரும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நடப்பது அதுதான். எனக்கு முந்தின வருடம் ஒரு பையன் மேடையில் சிரித்துவிட்டான் என்று பேச்சு. அவன் இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான்.

நான் முதல் வருடம் முடித்த சமயம். என் கதையை நான்கு பக்கம் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல மனிதர்தான். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"எல்லாம் நல்லாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா கண்ணுல தண்ணி வரலயே."

"நடந்தது அதுதான் சார்."

"அப்பா குடிப்பாங்களா?"

"குடிக்க மாட்டாவ சார்."

"சீட்டு கீட்டு?"

"இல்ல சார்."

"அம்மாவ அடிப்பாங்களா?"

"அம்மாதான் சார் சத்தம் போடுவா."

அவர் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டும். "அப்ப என்னதாம்மா கஷ்டம் உங்க வீட்டுல?" என்று கேட்டார்.

என்ன கஷ்டம் என்று நானும் சொன்னேன். அருவியில் தண்ணீர் நின்றால் ரோட்டில் கார் வருவது நிற்கும். கார் வராவிட்டால் கடையில் மாஸ்டருக்கு வேலை பாதியாகும். அம்மாவுக்கு இருமல், ஆனால் பீடி இலையை விட முடியாது. மழை பெய்தால் அடுக்களையில் இரண்டு இடத்தில் ஒழுகும், ஒரு இடத்துக்குத்தான் குண்டா இருக்கிறது. அவ்வளவுதான். எங்கள் வீட்டு வறுமையில் கதையே கிடையாது. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும், நாளைக்கும் அதே ரசம். பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும். எங்களுக்கே சலிப்பாகத்தான் இருக்கிறது.

"கலைக்கு ஒரு சக்தி இருக்கும்மா. உள்ளத உள்ளபடி சொன்னா அந்தச் சக்தி வராது. கொஞ்சம் கூட்டணும்" என்றார். "அப்பா குடிக்கிற மாதிரி வச்சுக்கோ. உங்க அப்பான்னு நெனைக்காத. பொதுவா ஒரு அப்பான்னு வச்சுக்கோ."

நான் வைத்துக்கொண்டேன். அடுத்த வருடக் கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ஆசையும் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே நடிப்பு எனக்கு வரும். அச்சன்புதூர்ப் பிள்ளை ஒருத்தியை அம்மாவாகப் போட்டு, அப்பா வேடத்தை நானே எடுத்துக்கொண்டேன். லுங்கி, முண்டா பனியன் மேல் ஒரு சட்டை, காலி பாட்டில்.

அங்கேதான் நான் முட்டாள்தனம் பண்ணினேன். குடிகாரன் எப்படி நடப்பான் என்று எனக்குத் தெரியாது. தெருவில் ஒருவன் தள்ளாடி வந்தால் நான் பார்ப்பேனா, ஓடுவேனா? எனக்குப் பழக்கமான ஒரே ஆண் நடை அப்பாவுடையது. பத்து மணி நேரம் கல் முன்னால் நின்றுவிட்டு வரும்போது அவருக்கு முட்டி பூட்டிக்கொள்ளும். இடது காலை இழுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, வாசல்படியில் கொஞ்சம் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறுவார். துண்டால் பிடரியை மூன்று தடவை துடைப்பார். 'எம்மா' என்று முனகிக்கொண்டே உட்காருவார். அதை அப்படியே எடுத்து, கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் வாத்தியார் மெய்மறந்து போனார். எங்கே கற்றாய் என்று கேட்டார். பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத் துண்டு காய்ந்தது. நான் தள்ளாடிக்கொண்டு மேடைக்கு வந்தேன். "ஏட்டி, ரூவா எங்க வச்சிருக்க?" என்று அம்மாவாக நடித்தவளின் கொண்டையைப் பிடித்தேன். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்போது பின் வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்தேன்.

விழாவுக்கு வந்தவர்களுக்குச் சுடச்சுடப் புரோட்டா போட அவருடைய கடைக்கே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பின்கட்டில் கல்லைப் போட்டுவிட்டு, மகள் நடிப்பதைப் பார்க்கலாம் என்று மாவுக் கையோடு வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. நிறுத்தவில்லை. அப்பா பார்க்கிறார் என்றதும் இன்னும் நன்றாக நடித்தேன். சோற்றுத் தட்டை எட்டி உதைத்தேன், அது உருண்டு மேடையை விட்டே இறங்கிப் போனது. அப்படிக் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் வினை வந்தது. அறக்கட்டளையில் பெரிய தொகை கொடுக்கிறவர் ஒரு பெரியவர், சென்னையில் கடைகள் வைத்திருப்பவர். அப்பா தட்டை ஏந்திக்கொண்டு, இடது காலை இழுத்துக்கொண்டு, அவர் இலை முன்னால் வந்தார். பெரியவர் அந்த நடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பொண்ணோட அப்பாவா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்கய்யா" என்றார். மகளைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்திருக்கிறார்.

பெரியவர் எழுந்து அப்பாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "இப்படி ஒரு பொண்ணை வச்சிக்கிட்டு ஏம்பா குடிக்கிற? இனிமே தொடமாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றார்.

பந்தி முழுக்க நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்தேன். வாத்தியார் அந்தப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். "இனித் தொட மாட்டேங்கய்யா" என்றார். கைதட்டல். போட்டோ. அந்தப் போட்டோவை அறக்கட்டளையின் நாட்காட்டியில் ஆடி மாதத்துக்குப் போட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான்தான் கத்தினேன். "ஏம்ப்பா சத்தியம் பண்ணுனீங்க? இல்லன்னு சொல்ல வாய் இல்லையா?"

"பொய்ச் சத்தியமாட்டி பண்ணுனேன்? குடிக்க மாட்டேன்னுதான சொன்னேன். குடிக்க மாட்டேன்லா" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் அப்படியாட்டி நடக்குதேன்?" என்று கேட்டார்.

அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பெருந்தன்மை என்கிற வியாதி இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பீடிக் கடையில் இலை வாங்கப் போன அம்மாவிடம் பெண்கள் எல்லாம் சுற்றி நின்று, இத்தனை வருசம் எப்படிப் பொறுத்துக்கிட்டே என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வைத்தாள். செங்கோட்டையிலிருந்து மாமா போன் பண்ணி, தங்கச்சியைக் கொடுத்த இடம் இப்படியா என்று அழுதார். கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள், "மாஸ்டர், இன்னைக்கு எத்தன ரவுண்டு?" என்று கேட்பார்களாம். அப்பா மாவை வீசிக்கொண்டே, "நிறுத்திட்டேம்லே" என்பாராம். பெரியவர் கேட்கச் சொன்னார் என்று மாதம் ஒரு தடவை வாத்தியார் போன் பண்ணுவார். அப்பா சுத்தமா விட்டுட்டாங்களா என்பார். விட்டுட்டாங்க சார் என்பேன். குடிக்காத மனுஷன் குடியை விட்டதற்கு மாதாமாதம் நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருடம் சாரல் பிடித்ததும் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை நான் நடிக்க வேண்டாமாம். அப்பா மேடையேறி, ஒரு நாடகம் தன்னை எப்படித் திருத்தியது என்று இரண்டு நிமிடம் பேசினால் போதுமாம். பெரியவரே ஆசைப்பட்டாராம். மூன்றாம் வருடக் கட்டணமும் அன்றைக்கே அறிவித்துவிடுவார்களாம். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார்.

வாத்தியார் போன பிறகு என்னிடம் வந்து, "ரெண்டு நிமிசம் பேசச் சொல்லுதாவ. எனக்கு என்னட்டி தெரியும்? நீ எழுதிக் குடு, நான் பாடம் பண்ணிக்கிடுதேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர் மேலா, வாத்தியார் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தாளை எடுத்து உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு வரிகூடக் கூட்டவில்லை. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"இதச் சொன்னா ஃபீசுக்கு என்ன செய்ய?"

"தெரியலப்பா. நின்னா நிக்கட்டும். நீங்க இதச் சொல்லணும்."

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு நாள் கடையில் மாவு பிசையும்போதெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்தாராம்.

விழா அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, வாத்தியார் சரிபண்ணிக் கொடுத்தார். தாளைப் பார்க்காமலே பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் குடிச்சதில்லங்கய்யா. ஒரு நாளும் குடிச்சதில்ல. கல்லு முன்னால நின்னு நின்னு எனக்கு முட்டி போயிட்டு, அதான் அப்படி நடப்பேன். எம்மக என் நடையப் பாத்து நடிச்சுட்டா. நல்லாத்தான் நடிச்சா. நீங்க எங்களுக்கு உதவி செய்யுதீய, அத மறக்க மாட்டோம். ஆனா நான் குடிகாரன் இல்ல."

போச்சு, படிப்பு போச்சு என்று நினைத்தேன். நினைக்கும்போதே ஒரு நிம்மதியும் வந்தது.

பெரியவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார். "பார்த்தீங்களா? குடிச்சதை நினைச்சுப் பார்க்கவே அந்த மனுஷனுக்கு வெட்கமா இருக்கு. அந்தப் பழைய ஆள் நான் இல்லைங்கிறார். இதுதான் உண்மையான திருந்தல். ஒரு சின்னப் பொண்ணோட நாடகம் செஞ்ச வேலை இது" என்றார். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த மைக்கிலேயே என் மூன்றாம் வருடக் கட்டணத்தையும் அறிவித்தார்.

மண்டபமே எழுந்து நின்றது. மேடையில் அப்பா, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்கிற முகத்தோடு என்னைத் தேடினார். அவர் சொன்னது நிஜம் என்று கத்துவதற்கு எனக்குக் குரல் இருக்கிறது, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் என்னைப் படிக்கவே வைக்கிறார்கள். நானும் எழுந்து நின்றேன். பக்கத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.