மச்சானிடம் பில் கேட்பதா

காக்காவின், அதாவது என் அண்ணனின், புதுக்காரில், முன்கண்ணாடியின் மேல் மூலையில், சிறிய நீல ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அடுத்த சேர்விஸ் எந்தக் கிலோமீற்றரில் என்று கம்பனிக்காரர்கள் அதில் பேனையால் எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பில் முதல் சேர்விஸ் முடிந்து கார் கல்முனைக்குத் திரும்பிய அன்று பின்நேரம், மச்சான் எங்கள் வீட்டு வாசலில் நின்று அந்த ஸ்டிக்கரைச் சவர அலகால் சுரண்டி எடுத்தார். கோபமாகவெல்லாம் இல்லை. வெகு நிதானமாக, கண்ணாடியில் ஒரு கீறல் விழாமல் சுரண்டினார். கடைசியில் பெற்றோல் நனைத்த துணியால் பசையையும் துடைத்துவிட்டு, "இனித்தான் இது நம்மட ஊட்டுக் காரு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்று சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே வாப்பா கட்டிய வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். உம்மா அதே வீட்டின் பின்னறையில் இருந்தார். பிரதான வீதியில் மச்சானுக்குச் சொந்தக் கராஜ் உண்டு. அவருடைய வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையில்லை என்று நாம் சொல்வதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார். காக்கா கட்டாரில் சாரதியாக இருந்த காலம் முழுவதும் வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னுக்கு நின்றார். வாப்பா மவுத்தானபோது காக்காவுக்கு விடுமுறை கொடுக்கவில்லை. மையித்தைக் குளிப்பாட்டியதிலிருந்து அடக்கம் வரைக்கும் மூத்த மகனுடைய வேலை முழுவதையும் மச்சானே செய்தார். அதற்கு நாங்கள் நன்றி சொன்னோம். அந்த நன்றியை நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததுதான் எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமற் போனது காக்காவை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. "உம்மாட ஜனாஸாவுக்கு நான் இந்த மண்ணுல நிக்கணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அத்தனையையும் அந்தக் காரில் போட்டார். ஆட்களை விமான நிலையத்துக்கும் கொழும்பு ஆஸ்பத்திரிகளுக்கும் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை. மக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் காக்காவைத்தான் கூப்பிட்டார்கள். பாண்டிருப்பில் ஒரு ரீச்சர் கண் கிளினிக்குக்கு வேறு யாருடைய வாகனத்திலும் ஏறமாட்டார். உம்மா ஒவ்வொரு முறையும் கார் வெளிக்கிடும்வரை அதன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டு நிற்பார்.

நான் பிரதேச செயலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். காகிதத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பது எங்கள் கந்தோரின் மார்க்கம். ஆகவே வொறண்டிப் புத்தகத்தை எங்கள் குடும்பத்தில் முழுமையாக வாசித்தவன் நான் ஒருவன்தான். கம்பனியில்தான் சேர்விஸ் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கவில்லை. வெளியிலும் செய்யலாம், ஆனால் குறித்த கிலோமீற்றருக்குள் செய்ய வேண்டும், போட்ட ஒயிலுக்கும் சாமானுக்கும் செய்த வேலைக்கும் பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது. இதைக் காக்காவுக்கு நான் ஒருமுறைக்கு இரண்டுமுறை விளங்கப்படுத்தினேன். பேசாமல் மட்டக்களப்புக்கே கொண்டு போங்கள் என்றும் சொன்னேன். அதற்குள் உம்மா குறுக்கே வந்துவிட்டார். "ஊட்டு மாப்பிள்ள கராஜ் வெச்சிரிக்க, நீ காரக் கொண்டுபோய் மட்டக்களப்புல குடுத்தா ஊரு என்ன கதைக்கும்? உன்ட ராத்தாட முகத்தையும் பாக்கணும் மகன்" என்றார். ராத்தாவின் முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாமே நடந்தது.

சரி, மச்சானிடமே செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு பில்லை மட்டும் எழுதி வாங்குங்கள் என்றேன். காக்கா ஒரே ஒருமுறை கேட்டார். எங்கள் ஊரில் சொந்தக்காரனிடம் பில் கேட்பது, விருந்தில் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு இறைச்சி என்ன விலை என்று கேட்பது மாதிரி. மச்சான் தன் வேலையாட்களைக் கூப்பிட்டு, "பாருங்கடா, மச்சான் எனக்கிட்ட பில் கேக்கார்! நாளைக்கு உம்மாட கையால சோறு திண்டுட்டும் பில் கேப்பார் போல" என்றார். கராஜே சிரித்தது. காக்காவும் வெட்கத்தோடு சேர்ந்து சிரித்தார். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சேர்விஸ் மட்டும் தவறாமல் நடந்தது. நல்ல ஒயில், அசல் சாமான்கள், சரியான கிலோமீற்றர். காசை நீட்டினால் மச்சான் கையைத் தட்டிவிடுவார்.

இரண்டாவது வருஷம், இறக்காமத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கார் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் நின்றுவிட்டது. கியர்பெட்டி போய்விட்டது. கம்பனியில் கழற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. "தம்பி, இது உள்ளுக்கு இருந்த பிழை. வாகனத்த நல்லாப் பாத்திருக்கிறீங்க, அது என்ட கண்ணுக்குத் தெரியுது. ஆனா என்ட கண்ணுக்குத் தெரியிறத நான் கொழும்புக்கு அனுப்ப ஏலாதே" என்றார். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கராஜ்காரர் எப்போது என்ன செய்தார், என்ன போட்டார் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரட்டும், அதை வைத்துக் கதைத்துப் பார்க்கிறேன் என்றார். காக்காவின் முகத்தில் உயிர் வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் நம்முடைய வீட்டிலேயே இருக்கிறார், இதற்கு ஏன் கவலை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நானும் காக்காவும் கராஜுக்குப் போனோம். மச்சான் ஒரு லொறிக்கு அடியிலிருந்து எழும்பி வந்தார். காக்கா விஷயத்தைச் சொன்னார். "நீங்க செஞ்சதத்தான் எழுதக் கேக்கம் மச்சான். ஒரு பொய்யும் இல்ல."

"செஞ்சத நான் எழுதித்தான் காட்டணுமா? கியர்பெட்டி போனதுக்கு என்ட தலையக் கேக்கான் கம்பனிக்காரன். நீங்க ரெண்டு பேரும் அவனுக்குத் தூது வந்திரிக்கீங்க."

"தலையக் கேக்கல்ல மச்சான், கையெழுத்தத்தான் கேக்காங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு காக்காவிடம் மட்டும் சொன்னார்: "இது உங்கட வாப்பாட மையித்தக் கழுவின கை. நீங்க வரல்ல, நான் கழுவினன். இந்தக் கைக்கு இண்டைக்குச் சாட்சி வேணுமா?"

காக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்தால் ராத்தா எங்களுக்கு முன்பே விஷயம் அறிந்து அழுதுகொண்டிருந்தார். "அவர என்னத்துக்கு எல்லாரும் சேந்து கள்ளனாக்குறீங்க?" என்று கேட்டார். அன்று பின்நேரம் உம்மா ஒரு காரியம் செய்தார். மருமகனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்காத தலைமுறை அவர். அத்தனை வருஷமும் எது சொல்வதானாலும் கதவுக்குப் பின்னால் நின்று ராத்தாவிடம்தான் சொல்லி அனுப்புவார். அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்து மச்சானுக்கு முன்னால் நின்றார். "மகன், நான் கேக்கன். இவன் இனி வெளிநாட்டுக்குப் போகாம எனக்கிட்ட இரிக்கணும். ஒரு கடுதாசிதானே, எழுதிக் குடுங்க." மச்சான் நிலத்தைப் பார்த்தபடி, "அசர் தொழுகைக்கு நேரமாகுது மாமி" என்று சொல்லித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். உம்மா அங்கேயே நின்றார். உம்மாவை அந்த நிலையில் நிற்கவைத்ததற்காக மச்சானை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவர் மோசமான மெக்கானிக்காக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. செய்ய வேண்டியதையெல்லாம் நேரத்துக்குச் சரியாகச் செய்த மனுஷன், செய்தேன் என்று எழுதித்தர மறுத்தார். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு ஒன்று தெரியும். பில் எழுதினால் கொடுக்கல் வாங்கல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். எழுதாவிட்டால் பெற்றவன் கடைசிவரைக்கும் தலைகுனிந்துகொண்டு இருக்க வேண்டும். காக்கா தலைகுனிந்து இருப்பது மச்சானுக்குத் தேவையாக இருந்தது. வெளிநாட்டுக் காசோடு வந்திறங்கிய மூத்த மகனுக்கு முன்னால் தன் இடம் போய்விடுமோ என்ற பயமும் இருந்திருக்கும். பயந்தவனை நினைத்து இரக்கப்படலாம்தான். எனக்கு வரவில்லை.

கம்பனி கையை விரித்தது. புதுக் கியர்பெட்டி போட காக்காவிடம் வழியில்லை. காரை நின்ற நிலையிலேயே விற்றுவிட்டு மறுபடியும் கட்டாருக்குப் போனார். போகும்போது உம்மாவிடம், "கெதியா வந்திருவன்" என்றார். அவரை ஏற்றிப்போன வாகனத்தின் ஜன்னலுக்கு உம்மா வரவில்லை. மச்சானின் கராஜில் இப்போது பேர் அச்சடித்த பில் புத்தகம் இருக்கிறதாம், எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறாராம். நான் என் மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை.

இந்த வருஷம் உம்மா மவுத்தானார். எங்களில் ஜனாஸாவை அடக்காமல் வைத்துக்கொண்டிருப்பதில்லை, காக்கா பிளேன் ஏறி வரும்வரை காத்திருக்க வழியில்லை. ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்குச் சற்று முன் வீடியோ அழைப்பில் அவரை எடுத்து உம்மாவின் முகத்தைக் காட்டினேன். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை ஜீப் ஒன்று உயரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. முதலாளியின் வாகனத்தைச் சேர்விஸுக்குக் கொண்டு வந்திருக்கிறார், விட்டுவிட்டு வெளியே போக முடியாது. சத்தம் வராமல் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "தம்பி, வெச்சிராத. பில் எடுக்கணும், பில் இல்லாமப் போனா முதலாளி ஏசுவார். இந்தா வந்திர்றன், வெச்சிராத" என்று சொல்லி எழும்பினார்.

பள்ளியில் தொழுகைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். போனை அணைக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நான் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தேன். காக்கா பிடிக்க வேண்டிய முன்பக்கத்தை மச்சான் பிடித்திருந்தார். ஒழுங்கையைத் தாண்டும்போது பைக்குள்ளிருந்து, "தம்பி... தம்பி, வந்துட்டன், காட்டுடா" என்று காக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்ட எனக்குக் கை இருக்கவில்லை.